காற்புள்ளி போதாத இடங்கள்

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்று. கற்பனை அழைப்பிதழ்தான், ஆனால் இதன் அண்ணன் தம்பிகளை எந்த ஊர் அச்சகத்திலும் பார்க்கலாம். ‘முன்னிலை’ என்ற தலைப்பின் கீழே ஒரே மூச்சில் இப்படி ஓடுகிறது: “கண்ணன், எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர், முருகேசன், தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம், சுந்தரம், வழக்கறிஞர்.” மேடையில் எத்தனை நாற்காலி போடுவது? உள்ளூர்க்காரருக்கு இதில் குழப்பமே இல்லை, மூன்று பேரையும் அவருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்தவர்தான் விழிப்பார். தலைமையாசிரியர் கண்ணனா, முருகேசனா? பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவர் முருகேசனா, சுந்தரமா?

அந்த ஒரு வரியில் எட்டுக் காற்புள்ளிகள் இருக்கின்றன. ஓர் ஆளை அடுத்த ஆளிடமிருந்து பிரிப்பவை அவற்றில் இரண்டே. மற்ற ஆறும் ஒரே ஆளின் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் பிரிக்கின்றன. வேலை இரண்டு விதம், உருவம் ஒன்று என்பதுதான் தொல்லை. ‘தலைமையாசிரியர்’ என்ற சொல்லுக்குப் பின்னும் ‘கழகம்’ என்ற சொல்லுக்குப் பின்னும் அரைப்புள்ளி இட்டால், வேறு ஒரு சொல்லையும் தொடாமல் மூன்று நாற்காலிகள் தெளிவாகத் தெரிந்துவிடும்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்கள் அழகானவை. ஆனால் இங்கே கொஞ்சம் வழி தவறவும் வைப்பவை. கால், அரை, முக்கால் என்று தாளக் கணக்குபோலச் சொல்லிப் பழகியதால், குறி என்றாலே மூச்சு விடும் நேரம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வாசிக்கும்போது சற்றே நின்றால் கால், கூடுதலாக நின்றால் அரை. கதைக்கும் மேடைப் பேச்சுக்கும் அது பொருந்தலாம். அடுக்கடுக்கான பட்டியலில் அரைப்புள்ளிக்கு வேலை வேறு. காற்புள்ளி வீட்டுக்குள் அறையையும் அறையையும் பிரிக்கும் சுவர் என்றால், அரைப்புள்ளி இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் மதில். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அல்ல, எது எதற்குள் அடங்குகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

இந்த மதில் முதலில் எழும்பிய ஊர் வெனிஸ். 1490களின் நடுவில் ஆல்டஸ் மனூட்டியஸ் தம் அச்சகத்தில், பியெத்ரோ பெம்போ எத்னா எரிமலையைப் பற்றி எழுதிய சிறு நூலை அச்சிட்டார். அதற்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. காற்புள்ளியின் தலையில் ஒரு புள்ளியை வைத்த அரைப்புள்ளி அச்சுக்கு வந்தது அந்த நூலில்தான்.

தமிழ் அப்போது ஓலையில் இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதிய காலம் அது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது; நிறுத்தக்குறி என்ற பேச்சே இல்லை. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான பிறகும், குறிகள் தமிழ் உரைநடையில் கால் ஊன்ற மேலும் சில நூற்றாண்டுகள் பிடித்தன. தமிழில் அவற்றை முறையாகக் கையாண்டு காட்டிய முன்னோடியாக யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் (1822–1879) சொல்வது வழக்கம்.

அப்படியானால் அதற்கு முன்பு தமிழர் பட்டியலே போடவில்லையா? போட்டார்கள், மலைக்க வைக்கும் அளவுக்கு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்கள் 99 என்பது பலரும் சொல்லும் கணக்கு. காந்தள், ஆம்பல், அனிச்சம் என்று போகும் அந்த வரிசையில் பல பூக்களுக்கு முன்னால் அடைமொழி நிற்கிறது: நிறம், மணம், பூத்த இடம் என ஏதாவது ஒன்று. ஒரு காற்புள்ளிகூட இல்லாத அந்த ஓட்டத்தில் அடைமொழி எங்கே முடிகிறது, பூவின் பெயர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டியவர்கள் உரையாசிரியர்கள். இன்று காற்புள்ளி பார்க்கும் வேலையை அன்று உரை பார்த்தது.

பூப்பட்டியல் செய்யுள் என்பதால் அதில் சலுகை உண்டு. மற்ற இடங்களில் பட்டியல் குழம்பாமல் இருக்க, மொழிக்குள்ளேயே கருவிகள் இருந்தன. முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த ‘உம்’. அதற்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, அவற்றில் எண்ணுதலும் ஒன்று. ஆங்கிலத்தின் ‘அண்ட்’ கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒரே ஒரு முறை வந்து நிற்கும். ‘உம்’ அப்படியல்ல, ‘அண்ணனும் தம்பியும் தங்கையும்’ என்று ஒவ்வொரு பொருளின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். வாலை எண்ணினால் ஆளை எண்ணிவிடலாம்.

இரண்டாவது கருவியைப் பலர் மறந்தே போனார்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எண்ணும் முறைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார். ஓர் இணைப்பும் இல்லாமல் பெயர்களை வெறுமே அடுக்குவது, அதாவது செவ்வெண்; கூடவே ஏ, என்றா, எனா என்ற சொற்களால் எண்ணுவது. இந்த நான்கும் முடிவில் தொகை பெற்றே ஆக வேண்டும். உம், என்று, என, ஒடு என்ற மற்ற நான்கும் தொகை பெறலாம், பெறாமலும் இருக்கலாம். எளிமையாகச் சொன்னால், ‘சாத்தன் கொற்றன் பூதன் வந்தனர்’ என்று விட்டுவிடக் கூடாது. ‘சாத்தன் கொற்றன் பூதன் மூவரும் வந்தனர்’ என்று கூட்டிச் சொல்ல வேண்டும். ‘சாத்தனும் கொற்றனும் பூதனும் வந்தனர்’ என்றால் தொகை இல்லாமலும் சரி.

வெறும் இலக்கணச் சடங்காக இதைப் பார்த்தால் இதன் அருமை தெரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் வால் இருந்தால் எல்லை தானே தெரிகிறது, தொகை தேவையில்லை. வால் இல்லாமல் அடுக்கினால் எல்லை மங்குகிறது, உடனே கணக்கைச் சொல்லி அடைத்துவிடு என்கிறது விதி. அழைப்பிதழில் ‘ஆகிய மூவரும்’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் நாற்காலிக் கணக்காவது தப்பாது. குறி இல்லாத காலத்தில் எழுதியவர்கள் குழப்பம் எங்கே வரும் என்பதை நம்மைவிட நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

‘ஆகிய’, ‘முதலிய’ என்ற இரண்டு சொற்களும் இதே குடும்பம். ‘சேரர், சோழர், பாண்டியர் ஆகியோர்’ என்றால் பட்டியல் முடிந்தது, கதவு சாத்தியாயிற்று. ‘முதலியோர்’ என்றால் இன்னும் ஆள் உண்டு. செய்தித்தாள்களில் இவை இடம் மாறி வருவது அன்றாடம் காணும் காட்சி. பரிசு பெற்ற மூவரின் பெயரையும் எழுதிவிட்டு ‘முதலியோர்’ என்று முடித்தால், நான்காவது ஒருவர் எங்கேயோ விடுபட்டுவிட்டார் என்றுதான் பொருள்.

வால் ஒட்டாத, தொகை கேட்காத ஆங்கிலத்துக்குக் குறிகள்தான் கதி. அங்கே ஒரு காற்புள்ளி தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கு ஒன்றை எல்லாரும் சொல்வார்கள். போர்ட்லண்ட் நகரின் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் மீது அதன் வண்டி ஓட்டுநர்கள் 2014-இல் தொடுத்த வழக்கு அது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது மாநிலச் சட்டம். உணவுப் பொருள் சார்ந்த சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. டப்பாவில் அடைப்பது, பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது, சந்தைப்படுத்துவது, சேமித்து வைப்பது என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குப் பொதி கட்டுதல்’ என்றோ ‘அனுப்புவதற்குப் பொதி கட்டுதல் அல்லது விநியோகம்’ என்றோ இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய ஒரு தொடரில் முடிகிறது விலக்குப் பட்டியல். ஆங்கில மூலத்தில் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை.

ஓட்டுநர்கள் பொதி கட்டுவதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறார்கள். முதல் பொருள்தான் சரி என்றால் அவர்கள் விலக்கில் வரமாட்டார்கள். கூடுதல் கூலி உண்டு. இரண்டாவது பொருள் என்றால் இல்லை. நிறுவனத்தின் கையிலும் சரக்கு இருந்தது: மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடே கடைசிப் பொருளுக்கு முன் காற்புள்ளி இடாதே என்கிறது, ஆகவே அது இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று வாதிட்டது. ஓட்டுநர் தரப்போ இலக்கண வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டியலின் மற்றச் செயல்கள் எல்லாம் ஒரே விகுதியில் முடிய, ‘விநியோகம்’ மட்டும் வேறு வடிவில் இருக்கிறதே, அது எப்படித் தனிச் செயலாகும் என்று கேட்டது. கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. தொடர் இரண்டு பொருள் தருகிறது. அப்படியான இடத்தில் தொழிலாளரைக் காக்கவே பிறந்த சட்டத்தைத் தொழிலாளருக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 2018-இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிட்டு, கடைசிக் காற்புள்ளியின் புகழ் பாடுவார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் சுவை. மாநிலச் சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியது. விடுபட்ட காற்புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நகரவில்லை. செயலுக்கும் செயலுக்கும் நடுவே இருந்த காற்புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளை நிறுத்தியது. ‘விநியோகம்’ என்ற பெயர்ச்சொல்லையும் மற்றவற்றின் வடிவத்துக்கே மாற்றியது. ஓட்டுநர்களின் வழக்கறிஞர்கள் சுட்டிய குறை சட்டத்திலிருந்து மறைந்தது. கூடவே அவர்களுக்குக் கிடைத்த வழியும் அடைபட்டது.

இந்திய உச்ச நீதிமன்றத்திலும் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தில், விற்பனைக்குத் தயாரிப்பது, விற்பது, ‘இருப்பு வைப்பது அல்லது காட்சிக்கு வைப்பது விற்பனைக்காக’, விநியோகிப்பது என்ற வரிசையில் குற்றங்கள் வந்தன. இருப்பு வைப்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, விற்பனைக்காக இருப்பு வைத்தால்தான் குற்றம், வெறுமே கையில் வைத்திருந்தால் இந்தப் பிரிவில் குற்றம் இல்லை என்று 1979-இல் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1952-இல் இன்னொரு வழக்கில், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறிய இடமே பெறும் என்ற கருத்தையும் பதிவு செய்திருக்கிறது. குறியை நீதிமன்றம் மதிக்குமா, மதிக்காதா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. மற்றச் சான்றுகள் ஒரு பக்கம் சாய்ந்தால் குறி தோற்கும். தராசு நேராக நின்றால் குறி அதைச் சாய்க்கும்.

தவறுகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நன்றாக அமைந்த பட்டியலுக்கு, 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட இந்திய அரசமைப்பின் முகப்புரையை ஆங்கில மூலத்தில் பார்க்கலாம். நீதி என்று தொடங்கி, அதன் மூன்று வகைகள் காற்புள்ளியோடு, பிறகு அரைப்புள்ளி. சுதந்திரம், அதற்குள் ஐந்து, பிறகு அரைப்புள்ளி. சமத்துவம், அதற்குள் இரண்டு; பிறகு அரைப்புள்ளி. இறுதியில் சகோதரத்துவம். உள்ளே பத்துப் பொருள்கள் இருந்தும் பெரிய தலைப்புகள் நான்கு என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

இதை அப்படியே தமிழுக்குப் பெயர்த்துக்கொள்ளலாமா? இங்கேதான் பல மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் காற்புள்ளியோடு தொங்கும். தமிழில் அடை முன்னால் வரும். ‘பாரதியார், எட்டயபுரம், வ.உ.சிதம்பரனார், ஓட்டப்பிடாரம், உ.வே.சாமிநாதையர், உத்தமதானபுரம்’ என்று எழுதிவிட்டு ஊர்களுக்குப் பின் அரைப்புள்ளி தேடுவதைவிட, ‘எட்டயபுரத்துப் பாரதியாரும் ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரனாரும் உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையரும்’ என்று எழுதிவிட்டால் ஒரு குறியும் தேவைப்படாது. தொடரை மாற்றித் தீரும் சிக்கலுக்குக் குறியைத் தேடுவது சோம்பல். பிறந்த ஆண்டும் வேண்டும் என்றால் கதை மாறும். ‘பாரதியார், எட்டயபுரம், 1882; வ.உ.சிதம்பரனார், ஓட்டப்பிடாரம், 1872; உ.வே.சாமிநாதையர், உத்தமதானபுரம், 1855’ என்பதற்கு மாற்று இல்லை. பெயர், ஊர், ஆண்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒரே அச்சில் மூன்று தகவல். அரைப்புள்ளி தன் தகுதியால் அங்கே இடம் பிடிக்கிறது.

அடை முன்னால் வருவதால் தமிழுக்கென்றே ஒரு குழப்பமும் உண்டு. ‘வறுத்த மிளகாய், தனியா, கடலைப்பருப்பு’ என்று சாம்பார்ப் பொடிக் குறிப்பு சொன்னால், வறுக்க வேண்டியது மிளகாயை மட்டுமா, மூன்றையுமா? சமைத்துப் பழகியவருக்குக் கை சொல்லும். புதிதாகக் கற்பவருக்குக் குறிப்புதான் சொல்ல வேண்டும். பட்டியலின் வாலிலும் இதே வம்பு. ‘இஞ்சி, பூண்டு விழுது’ என்றால் இஞ்சி முழுதாகவா, விழுதாகவா? வானிலைச் செய்திகளில் வரும் தோரணையில் ‘நீலகிரி, தேனி, கோயம்புத்தூர் மாவட்ட மலைப்பகுதிகளில் கனமழை’ என்று எழுதினால், தேனி நகரத்துக்காரர் குடையைத் தேட வேண்டுமா என்பது தெளிவில்லை. அரைப்புள்ளியைவிட இங்கே ‘உம்’ வலுவான மதில்: ‘நீலகிரி மாவட்டத்திலும், தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களின் மலைப்பகுதிகளிலும் கனமழை’. பெரிய பிரிவுக்கு உம், உள்ளே சிறிய பிரிவுக்குக் காற்புள்ளி.

இந்த எடுத்துக்காட்டு இன்னொரு பழைய சச்சரவையும் கிளறும். ‘உம்’ இருக்கும்போது காற்புள்ளியும் வேண்டுமா? ‘அவனும், இவனும், உவனும்’ என்று எழுதுவது ஆங்கிலப் பழக்கம். ‘உம்’ ஏற்கனவே பிரித்துவிட்டதை இன்னொரு முறை பிரிக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் அதை அடித்தால் கோபிக்க நியாயம் இல்லை. ஆனால் உறுப்பு நீளமாகி, அதற்குள்ளேயே காற்புள்ளிகள் வந்துவிட்டால், முதல் ‘உம்’முக்குப் பின் ஒரு காற்புள்ளி வாசகருக்கு உதவி. வானிலை வாக்கியத்தில் அது நின்றது அந்தக் காரணத்துக்காகவே.

‘மற்றும்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு பொறுமை காட்டத் தேவையில்லை. ‘பிறவும்’ என்ற பொருளில் நிம்மதியாக வாழ்ந்த சொல்லை ஆங்கில ‘அண்ட்’டின் இடத்தில் உட்கார வைத்த பிறகு, அரசாணை முதல் சோப்பு விளம்பரம் வரை அது இல்லாத பட்டியல் இல்லை. ‘அரிசி, பருப்பு, சர்க்கரை மற்றும் எண்ணெய்’ என்பதில் அது செய்யும் வேலை ஒன்றுமில்லை; ‘அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய்’ போதும். தீமையும் உண்டு. ‘வேளாண்மை மற்றும் உழவர் நலத்துறை, கால்நடை மற்றும் மீன்வளத்துறை மற்றும் கூட்டுறவுத்துறை’ என்ற வகைத் தொடரில் எந்த ‘மற்றும்’ ஒரே துறையின் பெயருக்குள் இருக்கிறது, எது துறைகளை இணைக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. துறையின் பெயரை மாற்ற எழுதுபவருக்கு உரிமை இல்லை. துறைகளுக்கு நடுவே அரைப்புள்ளி வைக்கலாம், கடைசி ‘மற்றும்’ சொல்லை வெட்டலாம், முடிவில் ‘ஆகிய மூன்று துறைகள்’ என்று பவணந்தியை வணங்கிவிடலாம்.

அரைப்புள்ளிக்குக் கீழே காற்புள்ளி. காற்புள்ளிக்கும் கீழே தமிழில் இன்னொரு படி இருக்கிறது, வெறும் இடைவெளி. சீர்வரிசைப் பட்டியலைப் பாருங்கள்: ‘தேங்காய் பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ’. ஏழு பொருள்கள், நான்கு உறுப்புகள். வெற்றிலையும் பாக்கும் சேர்ந்தே தட்டில் ஏறுபவை. உம் தொக்கி நிற்கும் அந்த இணைகளை யாரும் காற்புள்ளியால் பிரிப்பதில்லை. ஒற்றெழுத்தும் இந்த ஆட்டத்தில் உண்டு. ‘பருப்புப் பொடி’ என்று ப் வந்தால் அது ஒரே பொருள். ‘பருப்பு, பொடி’ என்றால் இரண்டு. காற்புள்ளி பிரிக்க வந்தது, வல்லின ஒற்று சேர்க்க வந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி ‘சென்னைக்குச், சேலத்துக்கு’ என்று எழுதுவது இரண்டுக்கும் அவமரியாதை.

எண்கள் வரும் பட்டியலில் தயங்கவே வேண்டாம். ‘ரூ.5,000, ரூ.25,000, ரூ.1,50,000’ என்ற வரிசையில் காற்புள்ளி ஆயிரத்தையும் பிரிக்கிறது, தொகைகளையும் பிரிக்கிறது. ‘ரூ.5,000; ரூ.25,000; ரூ.1,50,000’ என்று எழுதினால் கண் தடுமாறாது. பட்டங்களுக்குப் பின் காற்புள்ளி இடும் அழைப்பிதழ் வழக்கம் தொடரும் வரை, ஆட்களுக்கு நடுவேயும் அரைப்புள்ளி கட்டாயம். இடம் தாராளமாக இருந்தால் இரண்டும் வேண்டாம். மளிகைச் சீட்டுபோல ஆளுக்கொரு வரி கொடுத்துவிடுவது இன்னும் மேல்.

கணினிக்கும் இதே பாடுதான். காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த அட்டவணைக் கோப்பைச் சென்னையிலிருந்து பாரிஸில் இருக்கும் உறவினருக்கு அனுப்பினால், அங்கே பிரெஞ்சு அமைப்பில் உள்ள எக்செல்லில் பெயர், ஊர், தொகை எல்லாம் ஒரே கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு திறக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுகிறார்கள்; அதனால் அங்கே பட்டியலைப் பிரிக்கும் வேலை அரைப்புள்ளிக்குப் போய்விட்டது. கோப்பு கெட்டுவிட்டதென்று திரும்பக் கேட்க வேண்டியதில்லை. கோப்பை உள்ளே எடுக்கும்போது, பிரிக்கும் குறி காற்புள்ளி என்று எக்செல்லுக்குச் சொன்னால் போதும்.